கண்ணாடி பார்த்துச் செய்த ப்ரொப்பல்லர்

பம்பு மோட்டார் தலைகீழாகச் சுற்றினாலும் தண்ணீர் வரும். குறைவாக வரும், ஆனால் வரும். இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. செஞ்சியில், திருவண்ணாமலை ரோட்டில், என் கணவரும் நானும் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்து முப்பது வருஷம் ஆகிறது. அவர் கொல்லை கொல்லையாக, வயல்வெளிக்கெல்லாம் போய்ப் பம்பை இறக்குவார், ஏற்றுவார். காயில் கட்டுவது நான். வல்லத்திலிருந்து யாராவது போன் செய்து, "தண்ணி பாதிதான் வருதும்மா" என்றால் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவேன்: "மோட்டார் ரிவர்ஸ்ல ஓடுது, ரெண்டு வயர மாத்திக் குடுங்க." அரை மணி நேரத்தில் மறுபடியும் போன் வரும், வந்துடுச்சிம்மா என்று. இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு. அந்தக் கர்வத்தால்தான் பனமலை ஏரிக்கரையில் சொந்தக்காரர்கள் முன்னால் மூக்குடைபட்டேன்.

அண்ணனிலிருந்து ஆரம்பிக்கிறேன். எனக்கு ஒரே அண்ணன். துறைமுகத்தில் டக் போட்டில் இன்ஜின் டிரைவராக இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவர். டக் என்றால் இழுவைப் படகு. பெரிய கப்பல் துறைமுகத்துக்குள் தானாகத் திரும்ப முடியாது, இந்தச் சின்னப் படகு போய் முட்டித் தள்ளியும் கயிறு கட்டி இழுத்தும் அதைக் கரை சேர்க்கும். எங்கள் குடும்பத்தில் அந்தப் படகைக் கண்ணால் பார்த்தவர்கள் ஒருவரும் கிடையாது. ஒருமுறை நான் சோற்று மூட்டையும் கையுமாகப் போனபோது, கேட்டில் உள்ளே விடமாட்டோம் என்றார்கள். நான் போட்ட சத்தத்தில் ரோட்டில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். ஆனாலும் விடவில்லை. கேட்டுக்கு வந்த அண்ணன் தூரத்தில் ஒரு புகைக்குழாயைக் காட்டி, அதுதான் என்று சொன்னார். வேறு ஏதோ கப்பலின் குழாயாகக்கூட இருக்கலாம், எனக்கென்ன தெரியும்.

ஓய்வு பெற்று செஞ்சிக்கே வந்து, எங்கள் பட்டறைக்கு நாலு தெரு தள்ளிக் குடியேறிய அடுத்த வருஷம் அண்ணனுக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் ஆனது. நல்லபடியாகத்தான் முடிந்தது. தினம் அரை மணி நேரம் நடக்க வேண்டும், நடந்தால்தான் தேறுவார் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். அதே வாரம் அண்ணன் கூட வேலை பார்த்த யாரோ போன் செய்து, அந்த டக்கைப் பழைய இரும்புக்கு உடைத்துவிட்டார்கள் என்று சொல்லியிருக்கிறார். அண்ணன் கட்டிலில் படுத்தவர்தான். குளிக்க எழுந்திருப்பார், சாப்பிட எழுந்திருப்பார், அவ்வளவுதான். மூன்று மாதம் போனது. அண்ணி கெஞ்சிப் பார்த்தார், அழுது பார்த்தார்.

நான் போய்க் கட்டில் பக்கத்தில் நின்று, "இன்னாண்ணா, நடக்க மாட்டேன்றியாமே?" என்றேன்.

"நடந்து எங்க போவணும் பாப்பா?" என்றார். ஐம்பது வயதாகியும் அவருக்கு நான் பாப்பாதான். "இருபத்தாறு வருஷம் ஒரு வண்டிய ஓட்டனேன். அது இப்ப இரும்புக் கடையில கிடக்குது. இன்னாத்தக் கண்டேன் நானு? காட்டுறதுக்குக்கூட ஒண்ணும் இல்ல."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அவர் மேல் இல்லை, அந்தக் கேட்டின் மேல், இரும்புக் கடையின் மேல், எல்லாவற்றின் மேலும். அண்ணன் இப்படிப் படுத்தே போய்விடுவாரோ என்று பயமாகவும் இருந்தது. பயம் வந்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. அவர் பையில் டக் முழுசாகத் தெரிய அதன் முன்னால் நின்று எடுத்துக்கொண்ட போட்டோ ஒன்று இருந்தது. அண்ணியிடம் சொல்லி அதைத் தூக்கிக்கொண்டு வந்தேன். காட்டுவதற்கு ஒன்றும் இல்லையா? நான் காட்டுகிறேன் பார் என்று ஆரம்பித்தேன்.

முப்பதில் ஒரு பங்கு அளவு என்று கணக்குப் போட்டதில் படகு ஒரு மீட்டர் நீளம் வந்தது. பிளைவுட்டில் எலும்புக்கூடு, மேலே ஃபைபர் துணியும் பசையும். பக்கங்களில் தொங்கவிட டயர் வேண்டும், அதற்குப் பழைய பொம்மைக் கார்களின் சக்கரம். இரண்டு மோட்டார், பாட்டரி, ரிமோட். ரிமோட்டில் இடது மோட்டாருக்கு ஒரு குச்சி, வலது மோட்டாருக்கு ஒரு குச்சி. மோட்டார் சமாச்சாரம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. தண்ணீருக்கடியில் சுற்றிப் படகைத் தள்ளுகிற ப்ரொப்பல்லரில்தான் மாட்டிக்கொண்டேன்.

டக்குக்கு இரண்டு ப்ரொப்பல்லர், ஒவ்வொன்றுக்கும் நாலு ரெக்கை, பித்தளை என்று அண்ணன் பேச்சில் கேட்டிருக்கிறேன். எங்கள் அளவுக்கு ஏழு சென்டிமீட்டர் குறுக்களவு. செஞ்சியில் ரெக்கை வைத்துச் சுற்றக்கூடிய எதையும் நான் விட்டுவைக்கவில்லை. கம்ப்யூட்டர் ஃபேன், மீன் தொட்டி மோட்டார், முடி உலர்த்துகிற மிஷின், எங்கள் பட்டறையிலேயே கிடந்த பம்பு இம்பெல்லர். கம்ப்யூட்டர் ஃபேனைத் தண்ணீரில் விட்டதும் ரெக்கை வளைந்துவிட்டது. காற்றைத் தள்ளுகிற ரெக்கைக்குத் தண்ணீரைத் தள்ளத் தெம்பில்லை. கடைசியில் சென்னையில் மாடல் படகு சாமான் விற்கிற ஒரு கடையைப் போனில் பிடித்தேன்.

"நாலு ரெக்கை, பித்தளை, ஏழு சென்டி இருக்குது மேடம். ஆனா ரைட் ஹேண்ட் மட்டும்தான் இருக்குது. உங்களுக்கு ஜோடியா வேணும்னா லெஃப்ட் ஹேண்ட்..." என்று அந்தக் கடைக்காரத் தம்பி இழுத்தார்.

"தம்பி, நான் முப்பது வருஷமா மோட்டார் கட்டுறவ. ஒரு பக்கம் வயர மாத்திக் குடுத்தா தலைகீழா சுத்தப் போவுது. அதுக்கு எதுக்கு லெஃப்ட்டு? அதுலயே ரெண்டு அனுப்பு."

"இல்ல மேடம், அது வந்து..."

"அனுப்புன்றேன்ல."

அனுப்பிவிட்டார். டக்கில் இரண்டு ப்ரொப்பல்லரும் எதிரெதிராகச் சுற்றும் என்று அண்ணன் எப்போதோ சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது. அப்படியே எதிரெதிராகச் சுற்றுகிற மாதிரி வயர் கொடுத்தேன். தலைகீழாகச் சுற்றுகிற பக்கம் தண்ணீரைக் கொஞ்சம் குறைவாகத் தள்ளும், அந்த மோட்டாருக்குக் கொஞ்சம் வேகம் கூட்டினால் சரியாகிவிடும். பம்பு அப்படித்தானே செய்கிறது? துணி ஊற வைக்கிற டப்பில் படகை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓட்டிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் தண்ணீர் நன்றாகக் கலங்கியது. எனக்கு அது போதும்.

கார்த்திகையில் ஏரி நிரம்பியதும் நாள் குறித்தேன். அண்ணனிடம் விஷயத்தைச் சொல்லவில்லை, கோயிலுக்குப் போகிறோம் என்று சொல்லிக் காரில் ஏற்றிப் பனமலைக்குக் கொண்டுபோனோம். கோயிலுக்கும் போனோம், பொய் சொல்லவில்லை. அண்ணி, அண்ணன் வீட்டுப் பிள்ளைகள், என் கணவர், சொந்தக்காரர்கள் என்று ஒரு வேன் கூட்டம் பின்னால் வந்தது. அண்ணனை ஏரிக்கரையில் பிளாஸ்டிக் சேர் போட்டு உட்கார வைத்துவிட்டு, துணியை விலக்கிப் படகைக் காட்டினேன். கறுப்பு உடம்பு, மஞ்சள் புகைக்குழாய், போட்டோவில் இருந்தது இருந்தபடி. அண்ணன் குனிந்தார். டயர்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார். "இத யாரு பண்ணது?" என்று கேட்டார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "வேற யாரு, நான்தான்" என்றேன்.

படகைத் தண்ணீரில் விட்டு இரண்டு குச்சிகளையும் முன்னால் தள்ளினேன்.

அது நின்ற இடத்திலேயே சுற்றியது. ஒரு முழம்கூட முன்னால் போகவில்லை. குச்சிகளைப் பின்னால் இழுத்தால் மறுபக்கமாகச் சுற்றியது. இன்னும் வேகம் கொடுத்தேன், இன்னும் வேகமாகச் சுற்றியது.

"நல்லா மாவு ஆட்டுது, அரிசியப் போடு" என்றார் என் கணவர். கூட்டம் மொத்தமும் சிரித்தது. அவரைக் கட்டிக்கொண்டதிலிருந்து எத்தனையோ முறை எனக்கு அவர் மேல் கோபம் வந்திருக்கிறது. அன்றைக்கு வந்த மாதிரி வந்ததில்லை.

நான் அண்ணனைத்தான் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. படகின் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு, "வீட்டுக்குப் போலாம்" என்று எழுந்து காரில் ஏறிக்கொண்டார். வழியெல்லாம் கண்ணை மூடிக்கொண்டே வந்தார். எழுப்பி உட்கார வைக்கலாம் என்று போனவள், அவர் படகையே எல்லோரும் பார்த்துச் சிரிக்கும்படி செய்துவிட்டேன். அன்றைக்கு ராத்திரி சாப்பிடாமலேயே படுத்தேன்.

ஆனால் படுத்துக்கிடக்கிற ஜாதி நான் இல்லை. மறுநாளே படகை எடுத்துக்கொண்டு வல்லத்தில் நாங்கள் பம்பு போட்டுக் கொடுத்த ஒரு கொல்லையின் சிமென்ட் தொட்டிக்குப் போனேன். மாற்றிய வயரைப் பழையபடி வைத்து, இரண்டு மோட்டாரையும் ஒரே பக்கமாகச் சுற்றவிட்டேன். படகு போனது. ஒரு பக்கமாகக் கொஞ்சம் இழுத்தது, ஆனாலும் போனது.

"ஓடுதில்ல? போதும், கொண்டுபோயி காட்டு" என்றார் கணவர்.

"யாருக்குப் போதும்? உங்களுக்கும் எனக்கும் போதும். அது பின்னாடி இருபத்தாறு வருஷம் நின்னவருக்குப் போதுமா? பாத்த உடனே கண்டுபிடிச்சிடுவாரு."

அன்றுதான் என் மண்டையில் உறைத்தது. அவர் ஏற்கெனவே கண்டுபிடித்திருப்பார். ஏரிக்கரையில் பார்த்த உடனே தெரிந்திருக்கும். நான்தான் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. யாரிடமும் கேட்காமலே செய்து முடிப்பது என் பழக்கம், அதைத் திறமை என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். வெட்கத்தை விட்டு ஒரு ப்ரொப்பல்லரைக் கழற்றி எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

"அண்ணா, இதுல இன்னா தப்பு?"

அவர் படுத்தபடியே அதை வாங்கி ரெக்கையின் மேல் கட்டை விரலை ஓட்டினார். பிறகு திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே கை. இது வலது கை. நீ ரெண்டு பக்கமும் வலது கைய மாட்டி, ஒண்ண மட்டும் தலைகீழா சுத்த வுட்டுட்ட. ஒண்ணு முன்னால தள்ளுது, இன்னொண்ணு பின்னால இழுக்குது. அப்பறம் சுத்தாம இன்னா பண்ணும்?"

"பம்பு அப்படி இழுக்காதே அண்ணா?"

"பம்பு தண்ணிய வீசி அடிக்கிறது. எப்படிச் சுத்தனாலும் வெளியதான் அடிக்கும். இது ஸ்க்ரூ பாப்பா. தலைகீழா சுத்தனா கழண்டு வரும்." இரண்டு உள்ளங்கைகளையும் எதிரெதிராக விரித்துக் காட்டினார். "ஒண்ண கண்ணாடில பாத்தா இன்னொண்ணு தெரியணும். அதான் ஜோடி." படுத்ததிலிருந்து அவர் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்கவில்லை. வாசலில் முறத்தோடு நின்ற அண்ணி புடைப்பதை நிறுத்திவிட்டார்.

சென்னைக் கடைக்குப் போன் செய்தேன். அந்தத் தம்பி, "அன்னைக்கே சொல்ல வந்தேன் மேடம், நீங்கதான் வுடல" என்றார். நியாயம்தான். அந்த அளவில் இடது கை ப்ரொப்பல்லர் இனி வராதாம். வேறொரு இடத்தில் ஆன்லைனில் தேடி ஆர்டர் போட்டேன். ஒன்பதாம் நாள் வந்தது. பையின் மேல் லெஃப்ட் என்று ஒட்டியிருந்தது, உள்ளே இருந்தது வலது கை. திருப்பி அனுப்பினேன், மறுபடியும் வலது கையே வந்தது. போனில் நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

போங்கடா நீங்களும் உங்கள் ப்ரொப்பல்லரும் என்று, ஜோடி ஒத்துப்போக வேண்டுமே என்பதால் இரண்டையும் நானே செய்வதென முடிவு செய்தேன். நல்ல கனமான பித்தளைத் தகடு வேண்டும். கடையில் கிடைத்தது காகிதம் மாதிரி இருந்தது. அப்போதுதான் பரண் மேல் இருந்த குடம் ஞாபகம் வந்தது. டக்கில் ஏறுவதற்கு முன்னாலேயே, முதல் துறைமுகச் சம்பளத்தில் அண்ணன் என் கல்யாணத்துக்கு வாங்கிக் கொடுத்த பித்தளைக் குடம். குழாய் வந்த பிறகு அதில் யார் தண்ணீர் பிடித்தார்கள்? இறக்கித் துடைத்து, தோள்பட்டைப் பக்கம் சுண்டிப் பார்த்தேன். நல்ல கனம், லேசான வளைவும் தயாராக இருந்தது. என் கணவர், "வேணாம்டி, சீர்க் குடம்" என்று சொல்லி முடிப்பதற்குள் அறுத்துவிட்டேன்.

நடுவில் வருகிற குமிழைக் கடையவும் ரெக்கைகளை அதில் பற்ற வைக்கவும் எங்கள் தெருக்கோடி லேத் பட்டறைக்காரரிடம் போனேன். போகும்போது வீட்டில் மாட்டியிருந்த முகம் பார்க்கிற கண்ணாடியையும் எடுத்துப் போனேன்.

"இன்னாக்கா, பட்டறைக்கு வந்து பொட்டு வெச்சிக்கப் போறியா?" என்றார் அவர்.

"ஒன் வேலையப் பாரு. நீ பத்த வெக்கிறது ஒவ்வொண்ணையும் இதுல பாத்துட்டுத்தான் நான் நகருவேன்."

அப்படித்தான் செய்தோம். முதல் ப்ரொப்பல்லரைக் கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தி, கண்ணாடிக்குள் தெரிவதைப் பார்த்துப் பார்த்து இரண்டாவதற்குக் குமிழில் ரெக்கை உட்காரும் காடியைச் சாய்வாக வெட்டினார். ஒரு ரெக்கை தப்பான பக்கம் சாய்ந்துவிட்டது. "இம்மாத்தூண்டு சாய்வுல இன்னா வந்துடப் போவுது?" என்றார். நான் கண்ணாடியைத் தூக்கி அவர் முகத்துக்கு நேராகக் காட்டினேன். பேசாமல் கழற்றிவிட்டு மறுபடியும் வைத்தார்.

தினம் சாயந்திரம் அவற்றை அண்ணன் கட்டிலுக்குக் கொண்டுபோவேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கட்டை விரலால் தடவிப் பார்ப்பார். "இந்த ரெக்கை குண்டு. ராவு" என்பார். மறுநாள் அரத்தால் ராவிக் கொண்டுபோனால், "இப்ப அதோட அடுத்தது குண்டு" என்பார். எனக்கு எரிச்சலாக வரும், ஆனால் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் வாயைத் திறக்காமல் இருந்த வாரங்கள் அவை. ஒருநாள் ரெக்கையின் பின்பக்கத்தைத் தடவியவர் நிறுத்தினார். குடத்தின் மேல் வெட்டியிருந்த என் பெயரின் கடைசி எழுத்து அங்கே பாதி இருந்தது.

"குடத்த அறுத்துட்டியா?"

"பரண் மேல சும்மாதானே இருந்துது. இப்பவாவது தண்ணிக்குப் போவட்டும்."

அவர் அதை மறுபடியும் ஒருமுறை தடவினார். அந்த எழுத்தை மட்டும் ராவ வேண்டாம் என்றார்.

ஆனால் கட்டிலை விட்டு அவர் இறங்கவில்லை. அதுதான் என்னை அரித்தது. நான் கொண்டுபோனால் பார்க்கிறார், பேசுகிறார், வேலை முடிந்ததும் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். டாக்டர் கொடுத்த கெடு வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. அடுத்த முறை வரும்போது நடந்து வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்.

பொங்கல் கழித்து இரண்டு ப்ரொப்பல்லரும் தயாரானதும், ஏரிக்கு வா என்று கூப்பிட்டேன்.

"ஒருவாட்டி வந்தது போதும். நீங்க போயி ஓட்டிப் பாத்துட்டு வந்து சொல்லுங்க."

எனக்குப் பொறுக்கவில்லை. "இன்னாத்தச் சொல்றது? அன்னைக்கு கேட்டாண்ட என்னை நிக்க வெச்சி, ஏதோ ஒரு கொழாயக் காட்டி அதான்னு சொன்ன. நான் நம்பிட்டு வந்தேன். இன்னைக்கு உன் போட்ட நீ வந்து காட்டணும். யாரும் கேட்டுல நிறுத்த மாட்டாங்க. வந்து காட்டு!" என்று கத்தினேன். கத்திக்கொண்டே அழுதுவிட்டேன், அதுவும் எனக்குப் பிடிக்காத விஷயம். அண்ணன் எழுந்து உட்கார்ந்தார். பிறகு அண்ணியிடம் சட்டை கேட்டார்.

இந்த முறை கூட்டம் சேர்க்கவில்லை. நாங்கள் நாலு பேர் மட்டும் போனோம். அதே கரை, அதே பிளாஸ்டிக் சேர். படகைத் தண்ணீரில் வைத்துக் குச்சிகளைத் தள்ளினேன். பின்னால் தண்ணீர் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி விரிந்தது. படகு நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது. என் கணவர்கூடக் கை தட்டினார்.

"குடு" என்றார் அண்ணன்.

ரிமோட்டைக் கொடுத்தேன். அவர் முதலில் வேகத்தைக் குறைத்தார். பிறகு ஒரு குச்சியை முன்னாலும் ஒன்றைப் பின்னாலும் வைத்தார். படகு நின்ற இடத்திலேயே சுற்றியது; அன்றைக்கு என்னிடம் சுற்றிய அதே சுற்று, ஆனால் மெதுவாக, அவர் சொன்ன இடத்தில் நின்று, சொன்ன பக்கம் திரும்பியது.

"இதான் என் வேலை பாப்பா. அன்னைக்கு நீ தெரியாம பண்ணத நான் இருபத்தாறு வருஷம் தெரிஞ்சி பண்ணேன். இப்படித் திருப்பித்தான் கப்பலக் கரையில அணைப்போம்" என்றார்.

பிறகு படகைக் கரையோரமாகவே ஓட்டினார். அது வடக்குப் பக்கமாகப் போகப் போக, சேரிலிருந்து பின்பக்கம் சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது. எழுந்து நின்றார். படகு இன்னும் தள்ளிப் போனது. அவரும் கரைமேல் அதன் கூடவே நடந்தார், கண் தண்ணீரிலேயே இருக்க, தாம் நடப்பதே தெரியாமல். அண்ணி, "ஐயோ, மூச்சு வாங்கும்" என்று சேரைத் தூக்கப் போனார். நான் அண்ணி கையைப் பிடித்து நிறுத்தினேன். அண்ணன் மதகு வரைக்கும் போனார். அங்கே படகைத் திருப்பி, அதன் கூடவே திரும்பி வந்தார். வியர்த்திருந்தார், மூச்சு வாங்கியது, ஆனாலும் சேரில் உட்காரவில்லை.

படகைத் தூக்கச் சொல்லி, இடது ப்ரொப்பல்லரில் கட்டை விரலை வைத்தார்.

"ரெண்டாவது ரெக்கை இன்னும் கொஞ்சம் கனம். நாளைக்கு ராவணும்."

"சரிண்ணா, கழட்டி எடுத்துட்டு வீட்டுக்கு வரேன்."

"நீ எதுக்கு வரணும்?" என்றார் அண்ணன். "பட்டறைய எத்தன மணிக்குத் தெறப்ப? நானே நடந்து வரேன்."